கூட்டுக்குள் அடைபட்ட ஜலம்

சென்னைத் துறைமுகத்தின் காப்பான நீர்ப்பரப்பில், 1911-ஆம் ஆண்டில் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் பிற்காலத்தில் வந்த தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் பிள்ளைகளைப் பழக்கும் சிறு படகுகளில் பல, கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்த்த இரண்டு ஓடுகளை, அதாவது கீழே அடியையும் மேலே தளத்தையும், விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டி, நடுவில் வெற்றிடம் விட்டுச் செய்யப்பட்டவை. அந்த வெற்றிடந்தான் படகை மிதக்க வைக்கிறது. கவிழ்ந்த பிறகும் மூழ்காமல் காக்கிறது. ஆகையால் அதற்குள் எவ்விதமோ புகுந்து, திரும்ப வழி காணாமல் தங்கிவிட்ட நீரை வெளியேற்றும் காரியத்துக்கு, பாயைப் பழுது பார்ப்பதற்கும் கயிறு முடிவதற்கும் கொடுத்த அளவு இடத்தையேனும் இந்நூலில் கொடுப்பது அவசியமாகிறது.

கடலை விட்டு வெகு தூரம் தள்ளி, சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில் உள்ள மொரப்பூரில் இருந்துகொண்டு இதை எழுதுவது பொருந்துமா என்று வாசகர் வினவலாம். படகுக்குள் நீர் புகுவது நீரில் நடக்கும் காரியம். அதைப் போக்குவதோ முழுக்க முழுக்கத் தரையில் நடக்கும் காரியம். அந்தத் தரை எவ்வளவுக்கு எவ்வளவு வறண்ட பிரதேசமாக அமைகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு வேலை சுலபமாகிறது என்பதையும், கடற்கரையில் வாரக்கணக்கில் காய வைத்தும் ஈரம் விடாத ஒரு கூடு இவ்வூர்க் காற்றில் பங்குனி மாதத்தில் எப்படிக் காய்கிறது என்பதையும், பின்னால் கணக்கோடு காட்டுகிறேன். தவிரவும், நீர் ஏறிய படகை உலர்த்துவதில் தேர்ந்த ஆசிரியர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் சென்று ஒகேனக்கல்லில் இறங்கினால், காவிரிக் கரையில் பரிசல்களைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசல்காரர்களைக் காணலாம்.

பரிசல் என்பது மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டமான கூடை. முற்காலத்தில் அதன் மேல் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அதில் மூடிய அறை எதுவும் கிடையாது. உள்ளே தெறித்த நீர், பரிசலைக் கவிழ்த்தால் கொட்டிவிடும். ஆயினும் பின்னலுக்கும் விரிப்புக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்தில் நீர் புகுந்து தங்குவதுண்டு. பரிசலைச் சாய்த்து வைத்து, வெளிப்புறத்து விரிப்பை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் ‘சளக்’கென்ற மெல்லிய சப்தம் கேட்கும், அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, விளிம்பில் ஒரு சிம்பைச் சற்று நெம்பி விட்டால், நூல் போல் நீர் இறங்கத் தொடங்கும். இதைச் செய்து காட்டிய வயோதிகர் ஒருவர், “காஞ்சுதா இல்லையான்னு கண்ணு பாத்துச் சொல்ல வேணாங்க, தலையில தூக்கினா கழுத்தே சொல்லிரும்” என்றார். பாய்ப்படகுக்காரர்களும் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுவே: ஈரத்தைக் கண்ணால் தேடாதே, எடையால் தேடு.

கடற்கரையிலும் இந்த ஞானம் பழையது. கட்டுமரத்தை ஓட்டிக் கரை சேர்ந்தவர்கள், கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காய விடுவது வழக்கம். நீர் குடித்த மரம் மிதக்கும் சக்தியை இழக்கும் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த உண்மை. பலகைகளைச் சேர்த்துக் கட்டிய வள்ளத்தில் புகும் நீரோ காலடியிலேயே தெரியும்; இறைத்துக் கொட்டிவிட்டு, கசியும் மூட்டில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பற்று அடித்தால் தீர்ந்தது. மூடிய கூட்டில் மட்டுமே நீர் கண்ணுக்கும் காலுக்கும் தட்டுப்படாமல் ஒளிந்திருக்கிறது.

இனி அது எவ்வாறு புகுகிறது என்று பார்ப்போம். அடியும் தளமும் ஒட்டியிருக்கும் சுற்றுவிளிம்பு, பாய்மரத்தை ஊன்றும் குழியின் அடிப்பாகம், நடுப்பலகை இறங்கும் பொந்தின் மேல் கீழ் மூட்டுகள், கப்பிகளும் சுக்கான் கீல்களும் திருகப்பட்டுள்ள ஆணித்துளைகள், படகின் பின்முனையான அமரத்தில் உள்ள வடிகால் தக்கையின் வளையம் ஆகிய இவையே வாயில்கள். இவற்றுள் பாய்மரக் குழியைத்தான் நான் எப்போதும் முதலில் சந்தேகிப்பேன்; காற்றின் முழு விசையும் மரத்தின் வழியாக அந்தக் குழியின் அடியில் போய் முட்டுவதோடு, மணல் துகள்கள் சேர்ந்து மரம் திரும்பும்போதெல்லாம் அடியை அரைத்துக்கொண்டும் இருக்கின்றன.

ஆனால் மயிரிழை அளவான ஒரு விரிசல், தானாக அவ்வளவு நீரை உள்ளே விட்டுவிடாது. விட வைப்பது வெயில். காலையில் 30 பாகை உஷ்ணத்தில் தக்கையை இறுக மூடிய ஒரு கூட்டை நடுப்பகல் வெயிலில் மணலில் போட்டு வைத்தால், உள்ளிருக்கும் காற்று 60 பாகை வரைகூடச் சூடேறலாம். அப்போது அதன் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உயர்கிறது. பத்தில் ஒரு பங்கு என்பது காதுக்கு அற்பமாகப் படலாம். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 1,000 கிலோ பாரம். அவ்வளவையும் அந்த மெல்லிய ஓடு தாங்கி நிற்காது. எங்கேயோ ஒரு மூட்டு இளகிக் காற்றை வெளியே விடுகிறது. அதே படகை அப்படியே தள்ளிக்கொண்டு போய் நீரில் இறக்கினால், சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்க, உள்ளே வெற்றிழுப்பு உண்டாகி, சற்று முன் காற்றை விட்ட அதே மூட்டு, இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. அலை அடித்து உள்ளே ஏறிய நீரைக் காட்டிலும் இவ்விதம் படகே இழுத்துக் குடித்த நீர்தான் அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்காகவே சில படகுகளில் குண்டூசித் தலை அளவில் ஒரு காற்றுத் துளை வைத்திருப்பார்கள். நீர் புகும் என்று பயந்து அதை மெழுகால் அடைத்துவிடும் அன்பர்கள், காப்பதாக எண்ணிக் கெடுக்கிறார்கள்.

ஆகையால் படகு தரையில் இருக்கும் நேரமெல்லாம் தக்கை திறந்தே இருக்கட்டும். நீரில் இறக்குமுன், தக்கை திறந்த நிலையிலேயே தளத்தின் மேல் நாலைந்து வாளி நீரை ஊற்றிக் கூட்டைக் குளிர வைத்து, கடைசி நிமிஷத்தில் மூடுங்கள். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால், இவ்வத்தியாயத்தின் மீதிப் பகுதி பலருக்கும் தேவைப்படாமலே போகும்.

புகுந்துவிட்ட நீரை அறிவது எப்படி? லேசர் என்று வழங்கி இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் பெற்றுள்ள படகை எடுத்துக்கொள்வோம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ஆம் ஆண்டு, சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டியது இவ்வினப் படகுதான். பாயும் மரமும் இல்லாத அதன் வெறுங்கூடு சுமார் 59 கிலோ. அதற்குள் ஆறு லிட்டர் நீர் இருந்தால் எடை பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். எடை மட்டுமா தொல்லை? படகு ஒரு பக்கம் சாயும்போது அந்த நீரும் அதே பக்கம் ஓடி, சாய்வை மேலும் அதிகமாக்குகிறது. நிமிர வேண்டிய தருணத்தில் நிமிர விடாமல் பிடித்து வைக்கிறது. இருவர் கூடித் தூக்கும்போது கைக்குப் புதிதாக ஒரு கனம் தட்டுப்பட்டாலும், சாய்க்கையில் உள்ளே ஏதோ நகரும் ஒலி கேட்டாலும் நிறுத்துப் பாருங்கள். மொரப்பூர்ப் பக்கத்தில் புளி மண்டியிலும் மரவள்ளிக் கிழங்கு எடை போடும் இடத்திலும் உள்ள மேடைத் தராசே போதும். மேடை சிறியதாயிருந்தால் மேலே ஒரு பலகையையும் இரண்டு டயர்களையும் வைத்து, அந்த எடையைக் கழித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் முதன்முதலாகப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகு 35 கிலோ எடையுள்ள திறந்த தொட்டி. அதற்கு இந்த உபத்திரவம் பெரும்பாலும் இல்லை.

வடிக்கும் முறை எளிது. முன்முனையான அணியத்தை இடுப்புயரத்துக்கு உயர்த்தி, அடுக்கிய லாரி டயர்களின் மேல் கோணி போட்டு வைத்து, அமரத்தைத் தாழ்த்தித் தக்கையைத் திறக்க வேண்டும். உள்ளே காற்று புகும் வழி இல்லாவிட்டால் நீர் விட்டு விட்டுக் கக்கும். வேறு மூடி இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். மிதவைக்காக உள்ளே வைத்திருக்கும் நுரைக் கட்டிகளின் பின்னால் நீர் தேங்கி நிற்குமாதலால், ஒரு பக்கம் சாய்த்துச் சற்று நேரம், மறு பக்கம் சாய்த்துச் சற்று நேரம் வைத்து, பிறகு ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவது உத்தமம். காலையில் பார்த்தால், முற்றும் வடிந்தது என்று எண்ணிய கூட்டிலிருந்து இன்னும் அரைப்படி இறங்கியிருக்கும்.

அந்த நீரைத் தரையில் ஓட விட்டுவிடாமல் பாத்திரத்தில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளப்பது ஒரு பிரயோஜனம். அதைவிடப் பெரிய பிரயோஜனம் வேறு உண்டு. ஒரு கரண்டி நீரை எவர்சில்வர்த் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், சற்று நேரத்தில் வற்றிவிடும். தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், படகு கடலில் இருக்கும்போது நீர் புகுந்திருக்கிறது. ஆகவே பாய்மரக் குழி, நடுப்பலகைப் பொந்து, சுக்கான் கீல் ஆகிய இடங்களைத் தேட வேண்டும். தட்டு ஏறக்குறையச் சுத்தமாக இருந்தால், அது மழைநீர். படகு கரையில் கிடந்தபோது தளத்து ஆணித்துளைகளின் வழியாக இறங்கியிருக்கிறது. ஏரிகளிலேயே ஓடும் படகுக்கு, ஐதராபாத்தின் ஹுசேன் சாகரில் போட்டியிடும் படகுகளைப் போன்றவற்றுக்கு, இந்தப் பரீட்சை உதவாது.

கசிவைக் கண்டுபிடிக்காமல் உலர்த்தத் தொடங்குவது வீண் பிரயாசை. பாய்மரக் குழியில் விளிம்பு வரை நீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான், அந்தக் குழியைச் செப்பனிடும் வரை அப்படகில் பாய் கட்டவே கூடாது. மற்ற இடங்களுக்குச் சோப்பு நீர்ப் பரீட்சை. தக்கைத் துளையில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, சுற்றிலும் துணியும் எம்-சீலும் வைத்து அடைத்து, காற்றுத் துளையையும் தற்காலிகமாக ஒட்டி மூடி, ஒருவர் வாயால் நிதானமாக ஊதிக்கொண்டிருக்க, மற்றொருவர் கெட்டியாகக் கரைத்த சோப்பு நீரைத் தூரிகையால் விளிம்பு நெடுகத் தடவிக்கொண்டே போக வேண்டும். கசிவுள்ள இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு கணம் கழித்துக் கடுகளவில் ஒரு குமிழ் தோன்றும், அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு பொங்கும் பாலின் ஓரம்போல் வெண்ணிறமாக ஒரு வரி நுரை எழும். அந்த வரி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைச் சோப்பு உலர்வதற்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டும் கடையின் காற்று யந்திரத்தைக் கொண்டு ஊதவே கூடாது. முன்னே சொன்ன 1,000 கிலோ கணக்கை நினைவில் கொண்டால், லாரிச் சக்கரத்தை நிரப்பும் அந்த அழுத்தம் கூட்டை மூட்டோடு மூட்டாகப் பிளந்துவிடும் என்பது விளங்கும்.

அடுத்த படி பலருக்கு விபரீதமாகத் தோன்றும். கூட்டுக்குள் புகுந்தது கடல்நீராக இருந்தால், உலர்த்துவதற்கு முன்னால் அதற்குள் நாமே நல்ல நீரை ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு போகாது. ஓட்டின் உட்புறத்திலும் நுரையின் மேலும் படிந்து நின்று, மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் போலவே, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அதை இழுத்துத் தானும் நனைந்து கூட்டையும் நனைத்துக்கொண்டிருக்கும். “எவ்வளவு காய வைத்தும் மறுபடி ஈரமாகிறது” என்று சலித்துக்கொள்ளும் படகுகளில் பலவற்றின் ரகசியம் இதுதான். பத்து லிட்டர் நல்ல நீரை ஊற்றி மூடி, முன்னும் பின்னும் இருபக்கமும் ஆட்டி அலசி வடியுங்கள், மறுபடி ஊற்றுங்கள், தட்டுப் பரீட்சையில் வெண்மை மங்கும் வரை இதைச் செய்யுங்கள். எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது. அதைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஜனங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு, 2013-ஆம் ஆண்டு முதல் காவிரி நீர் குழாய்களில் வருகிறது. கூட்டை அலசுவதற்கு அந்தக் காவிரி நீரோ, பிடித்து வைத்த மழைநீரோதான் ஏற்றது. கிணற்று உப்பைக் கொண்டு கடல் உப்பைக் கழுவ இயலாது.

இப்போது உலர்த்தும் காரியத்துக்கு வருவோம். தக்கைத் துளை ஒன்றின் வழியாக மட்டும் ஒரு கூடு காய்வதென்பது ஆகாத காரியம். காற்று ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியேற வேண்டும். ஆகவே அணியத்தை ஒட்டி ஒன்றும், ஓட்டுபவர் அமரும் பள்ளத்தின் அருகே ஒன்றுமாக, திருகு மூடி உள்ள இரண்டு பார்வைத் துளைகளைத் தளத்தில் வெட்டுவதுதான் வழி. புத்தம் புதிய தளத்தில் ரம்பம் வைக்க மனம் கூசும், கூச வேண்டாம். லேசர் வகுப்பின் பந்தய விதிகளே 153 மில்லிமீட்டர் உள்விட்டம் வரை இத்தகைய துளைகளை, நீர் புகாத திருகு மூடியோடு வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. வெட்டுமுன், அவ்விடத்துக்கு நேர் கீழே நடுப்பலகைப் பொந்தோ நுரைக் கட்டியோ இல்லை என்பதைத் தட்டிப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளுங்கள். துளை வெட்டிய பின் கை நுழைத்து, எட்டிய மட்டும் பழைய பருத்தித் துணியால் துடைத்து எடுங்கள். துணி அரை மணியில் எடுக்கும் நீரை விசிறி அரை நாளில் எடுக்காது.

பிறகு ஒரு துளையின் மேல் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு விசிறியைக் காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்தி, மறு துளையைக் கொசுவலையால் மூடி விடுங்கள். ஈரமான கூட்டில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு போவது பிராணாபாயம்; கார் பேட்டரியே உசிதம்.

நான் முன்னே வாக்களித்த கணக்கு இதோ. 30 பாகை உஷ்ணமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. கடற்கரையில் அந்தக் காற்று ஏற்கனவே நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்திருந்தால், அது 24 கிராமைச் சுமந்துகொண்டே கூட்டுக்குள் நுழைகிறது. இன்னும் ஆறு கிராமைத்தான் ஏற்றுக்கொண்டு வெளியேற முடியும். 35 பாகையில் காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 40 கிராம். உள்நாட்டின் வறண்ட பிற்பகலில் நூற்றுக்கு முப்பது பங்கே நிறைந்திருக்குமானால், 12 கிராமோடு வந்து 28 கிராம் வரை எடுத்துப் போக அதற்கு இடம் இருக்கிறது. நாலு லிட்டர் ஈரத்தைப் போக்கக் கடற்கரையில் 660 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும்; உள்நாட்டில் 150 கூட வேண்டாம். நீர் ஆவியாகும்போது சுற்றிலும் குளிர்வதாலும், ஈரம் நுரையின் உள்ளிருந்து மெல்ல மெல்லவே மேலே வருவதாலும், நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக நடக்காது என்றாலும், விகிதம் மாறாது. உலர்த்துவது சூடு அன்று, மாறிக்கொண்டேயிருக்கும் வறண்ட காற்று என்பதை இக்கணக்கு பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

காலத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதில் இதனால் மிகுந்த கவனம் வேண்டும். மொரப்பூரில் தை பிற்பகுதி தொடங்கிப் பங்குனி முடிய உள்ள நாட்கள் சிறந்தவை. சித்திரையில் வெயில் கடுமை என்றாலும் மாலையில் இடி மழை திடீரென்று வந்து ஒரு வார வேலையைக் கெடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் தொடவே வேண்டாம். நல்ல மாதத்திலும், காலையில் பனியின் ஈரம் விலகி வெயில் ஏறிய பிறகு மூடிகளைத் திறந்து, பொழுது சாயுமுன் மூடிவிட வேண்டும். இரவில் திறந்து வைத்தால், குளிர்ந்த ஓட்டின் உட்புறத்தில் காற்றிலுள்ள ஈரம் துளித்துளியாகப் படிந்து, பகலில் போக்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். முன்னே தரையில் தக்கையைத் திறந்தே வைக்கச் சொன்னேனே, அதற்கு இது முரண் அன்று. பார்வைத் துளைகளை மூடினாலும் தக்கைத் துளை திறந்தே இருக்கட்டும், அழுத்தம் சமனாவதற்கு அது போதும். கூட்டைப் புளிய மரத்து நிழலிலோ கூரைச் சார்ப்பிலோ வையுங்கள். நேர் வெயிலில் கருந்தார்ப்பாய் போட்டு மூடி ‘வேக வைப்பது’ விரைவான வழி என்று சொல்வாருண்டு. அது பிசினை இளக்கி, தாங்கும் இடங்களில் அடியை உள்ளே அமுக்கி, பந்தயத்துக்கு உதவாதபடி உருவத்தையே கெடுத்துவிடும். மின்சார அடுப்பு, ஊதுவிளக்கு முதலியவற்றைப் பற்றிப் பேசவும் வேண்டியதில்லை.

எப்போது நிறுத்துவது? வாரத்துக்கு ஒருமுறை அதே தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். முதலில் மளமளவென்று குறையும் எடை, பிறகு நூறு நூறு கிராமாக, அப்புறம் ஐம்பது கிராமாகக் குறைந்து, ஒரு நிலையில் நின்றுவிடும். நின்ற பிறகு, ஒரு நாள் காலையில் மூடிக்குப் பதிலாகத் தெளிந்த பாலித்தீன் தாளைத் துளையின் மேல் இறுக ஒட்டி, மதியம் வரை விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் மூட்டமாகவோ துளியாகவோ ஈரம் கட்டினால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. தாள் தெளிவாகவே இருந்தால், குறித்து வைத்த கசிவுகளைச் செப்பனிடலாம்: விளிம்பைச் சுரண்டி எபாக்சிப் பிசினை உள்ளே செலுத்திப் பிடிப்பானால் இறுக்கி வைப்பதும், ஆணிகளைக் கழற்றித் துளையில் பாலியூரிதேன் பசை வைத்து மறுபடி முடுக்குவதும் போதுமானவை. ஈரமான கண்ணாடி நாரின் மேல் பூசிய பிசின் ஒட்டியதுபோல் தோன்றி ஒரு பருவத்துக்குள் பெயர்ந்துவிடும்.

மேலே சொன்னதெல்லாம் நுரை நல்ல நிலையில் இருக்கும் கூட்டுக்கு. நுரையே நீரைக் குடித்துவிட்டால் கதை வேறு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையோரக் கிராமங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளில், தளத்துக்கும் அடிக்கும் இடையே மிதவைக்காக நுரை நிரப்பி மூடியிருப்பதுண்டு. எஞ்சின் அதிர்ச்சியாலும், நாள்தோறும் மணலில் இழுபடுவதாலும், வலைக்கல் விழுந்து தளம் கீறுவதாலும் உள்ளே நீர் இறங்கிய படகு, முன்பு நாலு பேர் தள்ளியது இப்போது ஆறு பேர் தள்ள வேண்டியதாகி, எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்கிறது. படகு பழசாகிவிட்டது என்று மீனவச் சகோதரர்கள் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. சுமப்பது முதுமையை அன்று, நீரை.

இதை அறிய, தளத்தின் ஒரு மூலையில் சிறு சதுரம் வெட்டி, பத்து சென்டிமீட்டர் கனசதுரமாக ஒரு துண்டு நுரையை எடுத்து நிறுக்க வேண்டும். உலர்ந்த பாலியூரிதேன் நுரை அந்த அளவுக்கு 40 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். 100 கிராமுக்கு மேல் போனால் அந்த நுரையை உலர்த்த முயல வேண்டாம். நுரையின் நுண்ணறைகளுக்குள் புகுந்துவிட்ட நீரை விசிறியும் வெயிலும் எட்டா. தளத்தைப் பாளமாக அறுத்துத் தூக்கி, நனைந்த நுரை முழுவதையும் கரண்டியால் சுரண்டி எடுத்து, கூட்டை மேற்சொன்ன முறையில் அலசி உலர்த்திப் புது நுரை இட வேண்டும். மலிவு கருதித் தெர்மாகோலைத் திணித்துவிடாதீர்கள். பாலியெஸ்டர்ப் பிசின் பட்டாலும், பெட்ரோல் சிந்தினாலும் அது கரைந்து வெற்றிடமாகிவிடும். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் நுரையைப் பயன்படுத்துவோர், அது பல மடங்கு பொங்கிச் சூடேறும் என்பதை அறிந்து, சிறிது சிறிதாக, ஒரு தடவை ஊற்றியது ஆறிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால் தளத்தையே தூக்கி எறியும். எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு: மூடியை எபாக்சியால் அடைத்த காலிப் பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக அடுக்கி, அசையாதபடி கட்டிவிடுவது. அவை நீர் குடிப்பதில்லை. வேண்டும்போது கழற்றி எடுத்துக் கூட்டைத் துடைக்கலாம். எதை வைத்தாலும், அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த கோட்டில், அணியத்திலிருந்து அமரம் வரை, இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு வழியை அடைக்காமல் விட்டு, அதன் கடைசியில் ஒரு தக்கைத் துளையை வையுங்கள். படகு கரையேறும் ஒவ்வொரு மாலையும் அந்தத் தக்கையைத் திறந்து, வருவது துளியானாலும் பிடித்துப் பார்க்க வேண்டும்.